தனிச்சுற்றுக்கு மட்டும்

ஏழு இதழ் வந்தது.
ஏழாவது மட்டும் இருக்கிறது,
நடுவில் பின் துருவேறி
இரண்டு பழுப்புக் கண்கள்.
பெயர் 'பாதாளப் படி'.
விலை இரண்டு ரூபாய், யாரும் தந்ததில்லை.
அட்டையில் பிலோமினா வரைந்த வேதாளம்;
ஜெராக்ஸில் முகமெல்லாம் கறுத்து
இடது காது மட்டும் மிச்சம்.
அயனாவரத்தில் நாற்பது பிரதி எடுத்தோம்.
"டியூஷன் நோட்ஸா தம்பி?" என்றார் கடைக்காரர்.
ஆமாம் என்றோம்.

அது என்ன விளையாட்டு என்றால்
இன்றும் சொல்ல வராது.
பலகை கிடையாது, காய் கிடையாது.
ஒருத்தன் 'முன்னால் ஒரு கதவு' என்பான்.
மற்றவர்கள் காது வைத்துக் கேட்பார்கள்.
ஹபிபுல்லா உதைப்பான்.
ஐ.சி.எஃப். குடியிருப்புத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
ஞாயிறு முழுக்க அப்படி எத்தனையோ கதவுகள்.

இருபது முகப் பகடை மெட்ராஸில் எங்கும் இல்லை.
பாரிமுனையில் கேட்டதற்குத்
தாயக்கட்டையை எடுத்து நீட்டினார்கள்.
ஆகவே பல்லவன் டிக்கெட்.
கடைசி இரண்டு எண்தான் விதி.
29சி கண்டக்டருக்குத் தெரியாது,
எச்சில் தொட்டு அவர் கிழித்துக் கொடுத்த தாளில்
கொரட்டூருக்குக் கீழே ஒரு ராட்சதன் செத்தான் என்று.
அன்றைய டிக்கெட் மட்டுமே செல்லும்:
இரண்டாம் பக்கத்தில், கொட்டை எழுத்தில்.

அதன் கீழே திருத்தம்:
'சென்ற இதழில் நாகத்தின் வலிமை 8 என்று அச்சாகிவிட்டது.
80 என்று வாசிக்கவும்.
வென்றவர்கள் தயவுசெய்து இறந்துவிடவும்.'
எழுதியது நான். பத்தொன்பது வயது.

பதினொன்றாம் பக்கம், ஆட்டக் குறிப்பு.
சுரங்கத்தில் வெள்ளம், இடுப்பு வரை.
குணசீலனின் வீரன் மருதவேல்
கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டு
மூன்று பேரை மேலே தள்ளிவிட்டான்.
அவன் ஏற, தொண்ணூறுக்கு மேல் வேண்டும்.
குணசீலன் சட்டைப்பையில் கையை விட்டான்.
"தொண்ணூத்தாறு."
"போன வாரத்து டிக்கெட்டு."
"இன்னிக்கு வந்ததுடா."
"சைக்கிள்லதான வந்த?"
பிலோமினா சிரித்துவிட்டாள்.
அவன் சண்டை போடவில்லை,
வடைக்கு உண்டான காசை வைத்துவிட்டு எழுந்தான்.
நான் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை அந்த டிக்கெட்டை.
எழுதினேன்: 'மருதவேல் இறந்தான். தொடரும்.'

எட்டாம் இதழுக்கு அட்டைப்படம் தயாராக இருந்தது.

போன டிசம்பர் மழையில்
வேளச்சேரி வீட்டுக்குள் தண்ணீர் வந்த ராத்திரி
கட்டிலடிப் பெட்டியைத் தலையில் ஏற்றினேன்.
இடுப்பு வரை.
நினைக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன்.
மொட்டைமாடியில், கேஸ் சிலிண்டருக்கும்
மாமியாரின் சர்க்கரை மாத்திரைக்கும் நடுவே
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பிரித்தேன்.
என் பிரதி இல்லை இது,
எப்போதோ ஹபி கொடுத்தது, அவனுக்கு யார் கொடுத்தார்களோ.
பதினொன்றாம் பக்கத்தில்
ஒரு டிக்கெட், வெளிறிய ரோஸ்.
கடைசி எண் 96.
ஸ்டேஜ் கட்டத்தில் ஒரு ஓட்டை;
அதன் வழியே கீழ்வரியின் ஒரு எழுத்து தெரிந்தது.
பல்லவன் டிக்கெட்டில் தேதி போடமாட்டார்கள்.
திருப்பிப் பார்த்தேன், மறுபடியும் திருப்பினேன்.
பின்பக்கம் குடும்பக் கட்டுப்பாடு விளம்பரம்.

ஹபியிடம் கேட்டேன்.
ஆவடியில் இருக்கிறானாம், கண்ணாடிக்கடை.
நம்பர் வந்தது.
பழக்கதோஷம், கடைசி இரண்டைப் பார்த்தேன்: 07.
ஏழுக்கு எந்தக் கதவும் திறக்காது.

அதனால் முதலில் இதை அனுப்பிவிடுகிறேன்.

திருத்தம்.
ஏழாம் இதழ், பக்கம் பதினொன்று, கடைசி வரி.
'இறந்தான்' என்று அச்சாகிவிட்டது.
'கயிற்றைப் பிடித்திருக்கிறான்' என்று வாசிக்கவும்.