இரண்டு பேட்சுக்கு நடுவில்

ஐயாயிரம் கோழிக்குக் காவல் நாங்கள்.
அதில் ஒன்றுகூட எங்களுடையதில்லை.
குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது,
மருந்தும் ஊசியும் கம்பெனி.
எருவும் கரண்டு பில்லும் எங்களுக்கு.

நாற்பத்திரண்டாம் நாள் ராத்திரி லாரி வந்து
காலைப் பிடித்துப் பிடித்துக் கிரேட்டில் அடுக்கிப் போனபின்
செட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து
மூன்று வாரம் சும்மா போட வேண்டும்.
மூன்று வாரம்.
இருபத்தொரு நாள்.
யாரும் சொல்லாமலே அந்தக் கணக்கு
என் விரலில் வந்து நின்றது.

பண்ணைக்காரர் வீட்டில் நாட்டுக்கோழி கூடாது என்று
அக்ரிமெண்டில் ஒரு வரி உண்டு.
சந்தைக்குப் போகும்போது அதை நான் படிக்காதவள்.

கடக்நாத்காரன் கொண்டையைத் தூக்கிக் காட்டினான்:
நாக்கும் கருப்பு, எலும்பும் கருப்பு, விலையும் அப்படியே.
பெருவிடை, கூடைக்குள் இருந்தபடியே
பக்கத்துக் கூடையோடு வம்புக்கு நின்றது.
வனராஜா வருசத்துக்கு நூறுக்கு மேல் இடுமாம்.
"அவயத்துக்கு உக்காருமுங்களா?"
"அதுக்கேனுங்க உக்காரோணும், மிசின் இருக்குதுல்ல?"

முட்டை கூடக் கூட
உட்காரும் புத்தியை எடுத்துவிடுகிறார்கள்போல.

மூலையில் ஒரு சிறுவிடை.
ஒரு கையளவு செவலை.
தொடப் போனேன், உடம்பை உப்பிக்கொண்டு
மணிக்கட்டில் ஒரு கொத்து.
இதுதான் என்றேன்.

முட்டை மூன்று வீட்டில் வாங்கினேன்.
கழுத்தில் முடியில்லாத சேவல் திரியும் ரங்காத்தாள் வீட்டில் நாலு,
கீரி நிறச் சேவலுள்ள மேக்குச் சாளையில் அஞ்சு,
மீதி ரெண்டு, எந்தச் சேவலென்று அவர்களுக்கே தெரியாது.
ஓடாத தறிக்குடோனில், பாவு நூல் கூடையில்
மணல் பரப்பி, இடிக்கு ஓர் ஆணியும் போட்டுப்
பதினொன்றையும் வைத்தேன்.

"உனக்கு வேற வேலையே இல்லியா புள்ள,
சூப்பர்வைசர் பாத்தா பேட்சே குடுக்கமாட்டான்"
என்றார் நாச்சிமுத்து.
ஆனால் ஏழாம் நாள் ராத்திரி
செல்போன் லைட்டைப் பிடித்தது அவர்தான்.
ஓட்டுக்குள் சிவப்பு வேர்.
ஒன்றில் மட்டும் வேரில்லை, வெறும் மஞ்சள் வெளிச்சம்.
எடுத்துப் பொடக்காலியில் வீசிவிட்டு
"பத்து" என்றார், கம்பெனிக்குச் சொல்கிற குரலில்.

பத்தொன்பதாம் நாளே வந்துவிட்டது லாரி.
ஐம்பது பெட்டி. பெட்டிக்கு நூறு.
எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே நாள் வயசு.

மறுநாள் ராத்திரி கரண்டு போனது.
ஜெனரேட்டர் பெல்ட் அறுந்தது.
இருட்டில் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும்,
அடியில் இருப்பது சத்தமில்லாமல் நசுங்கும்.
தேங்காய் நாரில் முட்டி போட்டு
நானும் அவரும் விலக்கி விலக்கி விட்டோம்,
கரியடுப்புப் பற்றும்வரை, கை முழுக்க உயிர்.
தறிக்குடோனிலிருந்து
கொக், கொக் என்று மெல்ல ஒரு பேச்சு.
முட்டைக்குள் இருப்பவற்றோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்குக் கரண்டு வந்தது.
அட்டையில் எழுதினார்: இறப்பு, 37.

விடியக் கூடையைப் பார்த்தால்
ஒன்பது பொரிந்திருந்தது.
பத்தாவதில் ஒரு மிளகளவு ஓட்டை,
உள்ளே அலகு தட்டுகிறது,
ஒன்பதையும் கூட்டிக்கொண்டு
அவள் இறங்கிப் போய்விட்டாள்.
திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

முந்தானைக்குள் வைத்து எடுத்துப்போய்க்
கம்பெனி பல்புக்குக் கீழே வைத்தேன்,
கம்பெனிக் குஞ்சுகளுக்கு நடுவில்.
அவர் பார்த்தார். அட்டையைப் புரட்டினார்.
அதற்குக் கட்டம் இல்லை.

வெள்ளிக்கிழமை லோகேஸ்வரன் வந்து
பொட்டாஷ் தண்ணியில் கால் நனைத்து உள்ளே போனான்.
மஞ்சளுக்கு நடுவே
கழுத்தில் முடியில்லாத கருப்பு ஒன்று
தீவனத் தட்டில் ஏறி நின்று
எல்லாரையும் கொத்திக்கொண்டிருந்தது.