கொசுவுக்கு ஒரு நூல் தள்ளி

முதலில் பெரம்பூரில் ஒன்று பார்த்தேன்.
ஜிலேபிப் பாகில் முக்கி எடுத்த சிவப்பு.
தோளில் மாட்டிக் கையை விட்டதும்
கழுத்து தரைக்குச் சாய்ந்தது,
கடைசி பஸ்ஸில் தூங்குகிறவன் தலை போல.
வேண்டாம்.

மூர் மார்க்கெட்டில் இன்னொன்று. அறுபதுகளின் அசல் என்றான்.
வெள்ளைத் தகட்டில் பழுப்பு சரியாகத்தான் ஏறியிருந்தது.
முகர்ந்தேன்.
டீத்தூள்.

வியாசர்பாடி ஷெரீப்பின் பேஸ் கிட்டார்
பீரோவுக்கு மேலே, பாயில் சுருட்டிக் கிடந்தது.
அவனுக்கு ஷார்ஜா விசா வந்துவிட்டது.
"எட்டு ரூபா குடுக்கா. ஆனா
தம்பி கேட்டா ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லு."
நடுவில் தேன், ஓரத்தில் தார்,
ஆமை ஓட்டு நிறத்தில் ஒரு தகடு, அதில் சிகரெட் சுட்ட வடு.
ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் நீளம் பார்த்தேன்.
கொருக்குப்பேட்டைத் தண்டவாளம் இவ்வளவு நேரில்லை.

நான் இரவில் கன்டெய்னர் யார்டில் எண் எழுதுகிறவள்.
நான்கு எழுத்து, ஏழு எண்,
கட்டத்துக்கு ஒன்று, கட்டத்துக்கு ஒன்று,
விடியும்வரை.
விரலுக்காவது கட்டம் வேண்டாம் என்று தோன்றியது,
வேறு காரணம் எதுவுமில்லை.

சால்டரிங் அயர்னால் சூடுகாட்டி
இருபது ஃப்ரெட்டையும் பிடுங்கினேன்.
பதினொன்றாவது மரத்தோடு பெயர்ந்து வந்தது.
அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"பள்ளத்துல வெள்ளைக் குச்சி வெச்சு அடைச்சிடு,
கோடாவது தெரியும்" என்றான் கீபோர்டு வெஸ்லி.
"ரிசப்ஷன்ல சுதி தப்புனா பிரியாணி கெடைக்காது."
நான் அதே மரத்தின் தூளைப் பசையில் குழைத்து
அதே கறுப்பாக அடைத்தேன்.
இப்போது அது ராத்திரிக் கடல்.
எங்கே ஆழம் என்று எழுதி வைக்கவில்லை.

தட்டைக் கம்பிகள் நாலாயிரம். ஓவர்டைம் போனது.
கம்பி மரத்தைத் தின்னாமலிருக்க மேலே ஒரு பூச்சு வேண்டும்;
காசிமேட்டில் படகுக்கு ஓட்டை அடைக்கும் தேசிங்கிடம் போனேன்.
"எந்த போட்டுக்கு?"
காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இது தண்ணில எறங்காதே."
பிறகு டப்பாவில் ரெசின் ஊற்றி,
மருந்தைச் சொட்டு எண்ணிக் கலந்தான்.
"காத்து இல்லாத எடமாப் பாத்துப் பூசு."

காற்றில்லாத இடம் என் வீட்டில் தாராளம்.
கொசுவும்.
இரண்டாவது பூச்சில் ஒன்று வந்து இறங்கியது,
ஏ கம்பிக்குக் கீழே, கால் விரித்தபடி.
காலையில் பார்க்கும்போது கண்ணாடிக்குள் இருந்தது.

தேய்த்து எடுத்துவிடலாம் என்று உப்புத்தாள் கையில்.
சும்மா, ஒரே முறை கம்பி மாட்டிப் பார்ப்போம் என்று
கொசுவின் மேல் விரல் வைத்தேன்.
டி. கிட்டத்தட்ட.
கொஞ்சம் கம்மி.
உடம்புப் பக்கம் ஒரு நூல் நகர்த்தினேன்,
அலமாரியில் சம்படத்தின் மூடி
தானாக அதிர்ந்தது.
கீழ்வீட்டு ஏகவல்லி மோட்டார் ஓடுது என்று
சுவிட்சைத் தேடினாள்.

பழைய கிட்டார்போலவே பாலத்தினடியில்
பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வெட்டிச் செருகினேன்.
ஒலி சுருங்கி உருண்டது,
வாய்க்குள் வெற்றிலை வைத்துக்கொண்டு பேசுவதுபோல.
அடுத்த நாள் பஞ்சை எடுத்தேன். மறுநாள் வைத்தேன்.
இது இன்னும் முடிவாகவில்லை.

தண்டையார்பேட்டை மண்டபத்தில் ரிசப்ஷன்.
மாப்பிள்ளை வரும்போது விளக்கணைத்துப்
புகை விட்டார்கள்.
கழுத்து தெரியவில்லை, கொசு தெரியவில்லை,
விரல் மட்டும் நடந்து போய்
எங்கேயோ நின்று, போதாமல்,
இன்னும் கொஞ்சம் போனது.

வேனில் ஒயரைச் சுருட்டிக்கொண்டே வெஸ்லி கேட்டான்:
"ரெண்டாவது சரணத்துல அழுதியா என்ன?"
"இல்லடா, வழுக்கிட்டேன்."
"நாளைக்கும்
அங்கயே வழுக்கு."