அழுத்தினால் நின்றுவிடும்

ஔலுவில் ஏப்ரல் என்றால்
பனிக்குப் பயந்து சாலையில் கொட்டிய சரளைப்பொடி
மறுபடி கிளம்பி எல்லார் காரிலும் ஏறிக்கொள்ளும் மாதம்.
வெயில் வந்த முதல் ஞாயிறு
என் கருநீலக் காரின் பானெட் முழுக்க
வட்ட வட்டமாய் வலை.
குளிர்காலம் நெடுக ஒரு சிலந்தி
சம்பளமில்லாமல் வேலை பார்த்த மாதிரி.
சிலந்தி இல்லை.
பெட்ரோல் பங்க் கார்வாஷின் பிரஷ்.
அதற்கு நான்தான் காசு கொடுத்தேன்.

எனக்குப் பல் சுத்தம் செய்யும் வேலை.
பகலெல்லாம் பிறர் வாயில் ரப்பர் கிண்ணம் சுழற்றுகிறேன்.
எனாமல் போனால் போனதுதான் என்று
நாளைக்குப் பத்துப் பேரிடமாவது சொல்கிறேன்.
அதனால் ரெய்மா கார்ப்பினென் தன் கடையில்
பாலிஷ் மெஷின்களை எடுத்து வைத்தபோது
விலை கேட்கத் தோன்றவில்லை.
"இதில் எது கடிக்கும்?" என்றேன்.

முதலாவது, ஒரே அச்சில் சுற்றுவது.
நல்ல கனம்.
விசையைத் தொட்டதும் கையைத் தன் பக்கம் இழுத்தது.
"வேலையை முடித்துவிடும்."
முடித்ததைப் பார்த்திருக்கிறேன்.
மேல்மாடி ஓஸ்மோ, போன கோடையில்,
பானெட் விளிம்பில் நாலு நொடி யோசித்தபடி நின்றார்.
மேல்பூச்சு போய், நிறம் போய்,
சாம்பல் ப்ரைமர் எட்டிப் பார்த்தது,
ஈறு இறங்கிய பல்லின் வேர் போல.
அதன்மேல் இப்போது
ஐஸ் ஹாக்கி அணியின் ஸ்டிக்கர்.
ஓஸ்மோவுக்கு ஐஸ் ஹாக்கி பிடிக்காது.

இரண்டாவது, சுற்றிக்கொண்டே தள்ளாடுவது.
யூஹானுஸ் இரவு முடிந்து
ஏரிக்கரையிலிருந்து வீடு தேடும் ஆளைப் போல
ஒரே இடத்தில் நிற்கத் தெரியாது,
அதனால் ஒரே இடத்தைச் சுடவும் தெரியாது.
மேசைமேல் வைத்து அழுத்திப் பார்த்தேன்.
சுழற்சி நின்றது. வெறுமனே நடுங்கியது.
"அதுதான் இதன் குறை," என்றார் ரெய்மா.
நான் இன்னொரு தடவை அழுத்தினேன்.
இன்னொரு தடவையும் நின்றது.

மூன்றாவதும் இருக்கிறதாம்,
பல்சக்கரம் வைத்தது; தள்ளாடும், ஆனால்
எவ்வளவு அழுத்தினாலும் நிற்காது.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம்
அப்படி ஒருவரோடு இருந்தாயிற்று.

ஹௌகிபுதாஸ் பழைய இரும்புக் கடையில்
யாருடையதோ ஒரு கறுப்பு பானெட், இருபது யூரோ.
கராஜில் படுக்கப் போட்டேன், நோயாளியைப் போல.
விளிம்பெல்லாம் டேப்.
சுழல்தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு:
கோடு ஓடினால் வேலை நடக்கிறது,
கோடு தெளிவாய்த் தெரிந்தால்
என் கைதான் மிஞ்சுகிறது.
முதல் மாலை கோடு
தெரிந்துகொண்டே இருந்தது.
மெஷினின் எடையே போதும் என்று
தோள்பட்டைக்குப் புரிய
மூன்று மாலைகள் ஆயின.

மேல்பூச்சு, ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை.
ஒவ்வொரு தடவையும் அதில்
கொஞ்சம் எடுத்துக்கொள்கிறோம், பளபளப்பு என்று பெயர் வைத்து.
அதனால் என் காருக்கு மென்மையான பஞ்சு,
பட்டாணி அளவில் நாலு பொட்டு மருந்து,
இரண்டு கை அகலம், குறுக்கும் நெடுக்கும், மெதுவாக.
துடைத்தேன்.
கராஜ் விளக்கு ஒற்றை விளக்காய்த் தெரிந்தது.
ஆழமான கீறல்கள் சில அப்படியே.
விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் துரத்தினால்
ப்ரைமரில் போய்த்தான் நிற்கவேண்டும்.

ஓட்டுநர் கதவுப் பிடியின் உட்குழிவில்
பிறை பிறையாய் நிறைய உண்டு.
மோதிரம் உரசி விழுந்தவை.
அங்கே மெஷின் நுழையாது.
விரலில் பஞ்சு சுற்றித் தேய்க்கலாம் என்றார் ரெய்மா.
தேய்க்கலாம். இந்தக் கோடையிலேயே என்று இல்லை.

மே மாதம், இரவு பதினொன்று, இன்னும் வெளிச்சம்.
ஓஸ்மோ படியிறங்கி வந்து
பானெட்டில் தன் முகத்தைப் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.
பிறகு மெஷினைப் பார்த்தார்.
"ஞாயிற்றுக்கிழமை தருவாயா?"

மார்க்கரையும் சேர்த்துக் கொடுத்தேன்.