வில்லங்கம் பார்த்தல்

மஞ்சக்குப்பத்தில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே
பதினாறு வருடமாய்ப் பத்திரம் எழுதுகிறேன்.
கிழக்கே அரியபுத்திரன் புஞ்சை,
மேற்கே வண்டிப்பாதை என்று
அடுத்தவர் மனைக்கெல்லாம் நான்கெல்லை சொல்வேன்.
என் மண்டைக்குள் எது எங்கே முடிகிறதென்று
முப்பத்தொன்பது வயதுவரை தெரியாது.

அங்கே ஒரு யோசனையின் வேலிக்குள்
இன்னொன்றின் ஆடு மேயும்.
அரிசி ஊறவைக்கப் போனவள்
பழைய மின்கட்டண அட்டையைப் படித்துக்கொண்டு நிற்பேன்.
குழாய் திறந்தே கிடக்கும்.
கெடிலத்தில்கூட இவ்வளவு தண்ணீர் இல்லை
என்பார் பூவராகன், சிரித்துக்கொண்டுதான்.
முதல் ஐந்நூறு தடவை
சிரித்துக்கொண்டுதான்.

போன ஆனியில் கோண்டூர் மனை ஒன்றுக்குக்
கிழக்கை மேற்காக எழுதினேன்.
பதிவும் ஆகிவிட்டது.
பிழைத்திருத்தல் பத்திரத்துக்கு நானே பணம் கட்டினேன்.
வாங்கியவர் திட்டவில்லை.
"படிச்ச பொண்ணுதானே" என்றார்.
திட்டியிருக்கலாம்.

பிறகுதான் வியாழக்கிழமைப் புதுச்சேரி பஸ்.
ஆல்பேட்டை, கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்.
முருங்கப்பாக்கத்தில் இறங்கவேண்டும்.
முதல் வாரம் இறங்கவில்லை.
பக்கத்து சீட்டுக்காரி மடியில் கூண்டு, கூண்டில் முயல்,
அதன் மூக்குத் துடிப்பை எண்ணிக்கொண்டே
பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டேன்.
ஆட்டோவில் திரும்பி, முக்கால் மணி தாமதமாய்,
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால்
"எத்தனை எண்ணுனீங்க?" என்றார் மதலேன்.
நூற்றுப்பத்து.
ஒருவரும் என்னிடம் கேட்காத கேள்வி அது.

ஏ.டி.ஹெச்.டி. என்று சொன்னார்கள்.
பெஞ்சுமேல் ஏறிக் குதிக்கும் பையன்களுடையது
என்றல்லவா நினைத்திருந்தேன்.
நான் குதித்ததில்லை.
கைகட்டி உட்கார்ந்த இடத்திலேயே
ஜன்னல் வழியாகக் காணாமல் போன பெண்.

காலையில் ஒரு மாத்திரை, அது டாக்டர் தந்தது.
மதலேன் தந்தது ஒரு நீள நோட்டு, மூன்று கட்டம்:
நடந்தது. நினைத்தது. அதற்குச் சாட்சி.

நடந்தது: கோண்டூர் மனை.
நினைத்தது: நான் உருப்படாதவள்.
மூன்றாவதில் பேனா நின்றுவிட்டது.
தொழில்புத்தி எட்டிப்பார்த்துக் கேட்டது,
இதற்கு மூலப்பத்திரம் எங்கே?

தோண்டினேன்.
ஐந்தாம் வகுப்பு. ஜியோமெட்ரி பாக்ஸ் தொலைந்த சாயங்காலம்.
கணக்கு டீச்சர் வாய்மொழியாகச் சொன்னது.
முத்திரைத்தாள் இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.
அதை நம்பி முப்பது வருடம்
அந்த இடத்தில் குடியிருந்திருக்கிறேன்.

எழுதிய பத்திரம் நாலாயிரத்துச் சொச்சம்.
திசை மாறியது மூன்று.
இரண்டைப் பதிவுக்கு முன்பே நானே பிடித்தேன்.
இதையும் எழுதுங்கள் என்றார். அழுகை வந்தது.
அதை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கேட்டேன்,
இருவரும் சிரித்துவிட்டோம்.

இப்போது சொத்து விவரத்தைத் துண்டு போட்டுக்கொள்கிறேன்.
துண்டுக்குப் பன்னிரண்டு நிமிடம், போனில் மணி.
நடுவே வருகிறவற்றை,
முயல் எத்தனை குட்டி போடும்,
நாத்தனாருக்கு ஏன் போன் செய்யவில்லை,
இடப்பக்கம் குறித்து, அப்புறம் வா என்கிறேன்.
பாதி திரும்பி வருவதில்லை.
எல்லைகளை விரலால் தொட்டு வாய்விட்டுப் படிக்கிறேன்.
என்ன மந்திரமா என்கிறார் எதிர்மேசை தணிகாசலம்.
ஆமாம் என்கிறேன், வடக்கிலிருந்து மறுபடி தொடங்கி.

வில்லங்கம் தீர்ந்ததென்று சான்று தர இயலாது.
சாவி போன வாரமும் ஃபிரிட்ஜில் இருந்தது.
இரண்டு வியாழன் பஸ்ஸையே மறந்தேன்.
நோட்டை ஒருமுறை தொலைத்தேன்,
தொலைத்ததை எழுத நோட்டு இல்லாமல்
பால் பாக்கெட் கவரில் எழுதினேன்.

நேற்று ராத்திரி
சமையலறையில் தண்ணீர்ச் சத்தம்.
பூவராகன் வாய் திறப்பதற்குள்
உள்ளேயிருந்து அந்தக் கணக்கு டீச்சர் முந்திக்கொண்டார்.
கேட்டுக்கொண்டே நோட்டை எடுத்தேன்.

நடந்தது: குழாய் திறந்திருந்தது.
நினைத்தது: குழாய் திறந்திருந்தது.

மூடினேன்.
மூடிவிட்டு, அரிசியை எங்கே வைத்தேன் என்று
தேடத் தொடங்கினேன்.