ஒன்பது அங்குலம்

இடிப்பதா வைப்பதா என்று குழு கூடும் முன்
அளந்து தரவேண்டியது என் வேலை.
டேப்பின் மறுமுனை சென்றாயன் கையில்.

கோட்டைப் பக்கத்துப் பழைய கச்சேரிக் கட்டடம்.
மேற்கே பார்த்த முகப்பு, ஏழு வளைவுகள்.
நடுவளைவின் உச்சிக்கல்லில் யாரோ ஒரு ராணி.
மூக்கு இல்லை.
மூக்கிருந்த இடத்தில் குளவி கட்டிய மண்கூடு.
அதையும் அளந்தேன், பழக்கதோஷம்.

படிவத்தில் ஒரு கட்டம்: கட்டடக்கலைப் பாணி.
தூண் கிரேக்கத்து ஜாடை, வளைவு கோல்கொண்டா,
ஜன்னல் பர்மாத் தேக்கு.
மாடிக் கைப்பிடிச் சுவரின் மூலையில்
வரைபடம் கேட்டது அன்னாசிப்பழம்.
அன்னாசியைப் பார்த்திராத எந்தக் கொத்தனோ
சுதையில் ஒரு மாங்காய் செய்துவிட்டுப் போயிருக்கிறான்,
காம்போடு, ஒருபக்கம் சாய்ந்து.
'மற்றவை' என்று நிரப்பினேன்.

"கடுக்காய், வெல்லம், முட்டை போட்டுக் கட்டினது,
அதான் நிக்குது" என்கிறார்கள் வேடிக்கை பார்க்க வருபவர்கள்.
எத்தனை முட்டை என்று கேட்டால்
பஸ்ஸுக்கு நேரமாகிவிடுகிறது.
காரையைச் சோதனைக்கு அனுப்பினேன்.
சுண்ணாம்பு, மணல், கொஞ்சம் அடுப்புச் சாம்பல்.

கூரை உத்திரம் இரும்பு.
துருவைச் சுரண்டினால்
கடலுக்கு அப்பால் ஓர் ஊரின் பெயர்.
கப்பலில் வந்து, ரயிலில் வந்து,
சூரமங்கலத்தில் இறங்கி மாட்டுவண்டி ஏறி வந்தது.
அதன் கீழே நின்று மேற்கே பார்த்தால் கஞ்சமலை,
வயிறு முழுக்க இரும்போடு
ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கிறது.

கிழக்குச் சுவரில்தான் கணக்கு உதைத்தது.
வரைபடம்: இரண்டடி மூன்றங்குலம்.
டேப்: மூன்றடி.
"முனை மாத்திப் புடிச்சுப் பாக்கலாம்" என்றான் சென்றாயன்.
மூன்றடி.
சுவர் தின்று கொழுக்காது.

தட்டிக்கொண்டே போனோம்.
ஓரிடத்தில் சத்தம் மாறியது,
பலா பழுத்த இடத்தில் மாறுவதுபோல்.
காரையை உரித்தால் உள்ளே ஒரு வளைவு,
முகப்பு வளைவுகளில் பாதி உயரம்,
செங்கல்லால் வாயை அடைத்து.
வரைபடத்தின் மடிப்பில், பூச்சி தின்றது போக மீதி:
'மனுதாரர் வழி'.

அடைத்தது யார், எந்த வருடம்?
கோப்பில் இல்லை.
மேலே இன்னொரு தோல் போர்த்தி
நேர்த்தியாகப் பூசியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பத்து செங்கல் எடுத்ததும் தெரிந்தன
மூன்று கருங்கல் படிகள்.
நடுவில் குழிந்து,
நாய் படுத்து எழுந்துபோன மண்போல.
ஸ்கேலை வைத்தேன். ஒன்றேகால் அங்குலம்.

வரிபாக்கி, வாய்க்கால் தகராறு, ஜாமீன்.
கையெழுத்துத் தெரியாத பெருவிரல்களைச்
சுமந்து வந்த கால்கள்,
செருப்பை வெளியே விட்டுவிட்டு.
வெறும் பாதம் கருங்கல்லை இவ்வளவு தேய்க்க
'நாளை வா' என்று எத்தனை முறை சொல்லியிருக்க வேண்டும்?

மேற்குப் படிக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன்.
விளிம்பில் உளித்தடம்கூட அழியவில்லை.

மணி ஐந்தரை.
தட்டுவடை செட் கடை திறந்திருக்கும்,
சென்றாயன் இரண்டு முறை சொல்லிவிட்டான்.
பொறியாளர் ஹமீதா போனில்:
"ஒரே ஒரு கட்டம் காலியா இருக்கு.
கட்டடத்தோட முகப்பு எந்தத் திசை?"

மஞ்சள் வெயில் முழுவதையும் வாங்கிக்கொண்டு
ஏழு வளைவுகளும் மூக்கில்லாத ராணியும்
மேற்கே பார்த்து நின்றன.

கிழக்கு என்றேன்.

"சரியாப் பாத்தீங்களா?"

மறுபடி அளக்கச் சொன்னாலும் அளக்கிறேன் என்றேன்.
சென்றாயன் டேப்பைச் சுருட்டவில்லை.
கடையை மறந்து
அந்த முனையில் அப்படியே குந்தியிருந்தான்,
ஒரு கால் படியின் குழியில்.