நூற்றுப் பதினேழு

உட்துறைமுக வீதியில்
மண்ணெண்ணெய் வரிசை.
கரண்ட் பில்லின் பின்பக்கம்
இன்றைய வேலைகளை எழுதினேன்:
தூரிகைகள் கழுவ,
பிஸ்கட் டின்னில் நீலங்களைத் தனியாய்ப் பிரிக்க,
நிரோஜினியிடம் கடன்வாங்கிய வெள்ளையைத் திருப்ப,
வீட்டுக்காரருக்கு ஒரு சாட்டு யோசிக்க.
படம் கடைசியில்,
சின்ன எழுத்தில்.

கோட்டைப் பக்கமிருந்து வந்த மான்
கானோரம் நின்று
கை தளர்ந்த நேரம் பார்த்து
பட்டியலை இழுத்துத் தின்றது.
முழுவதும்.
"இனி பில்லும் கட்டத் தேவையில்லை"
பின்னால் நின்றவர் சிரித்தார்.

பவுசர் இன்னும் வரவில்லை.
டோக்கன் துண்டில்
நூற்றுப் பதினேழைச் சுற்றி
மெல்லுகிற தாடையை வரைந்தேன்,
பிறகு கழுத்து, அதிலொரு பழைய கயிற்றுத் தழும்பு.
காதுக்கு இடம் போதவில்லை.

உள்ளங்கையில் தொடர்ந்தேன்.
வியர்வையில் மை ஊறி
காது
அசைந்தது.