ஏழு ஐந்து ஐந்து

கடல் எப்படி என்று நான் கேட்கவில்லை, தோரால்வுர்.
உன் குரலுக்குப் பின்னால் அது
இரும்பைத் தட்டுவது கேட்கிறது.
"கடவுச்சொல்லை வாங்கிக்கொள்கிறது," என்கிறாய்,
"வாங்கிக்கொண்டு முகத்தில் கதவை அறைகிறது.
மூன்று தடவை."

கிளாக்ஸ்விக்கில் அதிகாலை மூன்று நாற்பது.
துறைமுக அலுவலகத்தில் ஹீட்டரும் நானும்.
ஆறு மணிக்குள் உன் பட்டியல் சர்வரில் ஏறாவிட்டால்
ஏழு மணி ஏலத்தில் உன் காட் மீனுக்கு
எடையில்லை, விலையில்லை,
பனிக்கட்டிமேல் சும்மா கிடக்கும்.

முதலில் சாவியைச் சந்தேகப்பட்டேன்.
பிறகு சாட்டிலைட்டை.
பிறகு, சொல்ல வெட்கம்தான், உன் விரல்களை:
கையுறையைக் கழற்றாமல் தட்டுகிறாய் என்று நினைத்தேன்.
லாக் கோப்பைத் திறந்தது
கடைசியில்தான்.

ஒரே வரி.
பாதையில் ஒரு படியின் உடைமையோ அனுமதியோ சரியில்லை.
எந்தப் படி என்றும் எழுதியிருந்தது.
நம்பாமல்
உச்சியிலிருந்து இறங்க ஆரம்பித்தேன்.

உனக்கு இதுவரை சொன்னதில்லை:
நீ உள்ளே வந்ததும்
ஒரு கோப்புறையைத்தான் உலகம் என்று காட்டுகிறோம்.
மேலே போகப் புள்ளி புள்ளி என்று எத்தனை முறை தட்டினாலும்
அங்கேயேதான் நிற்பாய்.
அந்த உலகத்தின் சுவர் ரூட்டுக்குச் சொந்தம்.
வேறொரு கைக்கு அதில் எழுத இடமிருந்தால்
சர்வர் அதைச் சுவர் என்றே ஒப்புக்கொள்ளாது.
ஆடே சொந்தக்காரனாய் இருக்கும் பட்டியில்
யார் ஆடு அடைப்பார்கள்?

முதல் சாய்கோடு: ரூட், ஏழு ஐந்து ஐந்து.
அடுத்தது: ரூட், ஏழு ஐந்து ஐந்து.
படகுகளின் கோப்புறை: ரூட்தான். ஆனால்
ஏழு ஏழு ஐந்து.

நடுவில் அந்த ஏழு
ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருந்தது.

கட்டளைகளின் வரலாற்றைப் புரட்டினேன்.
வெள்ளிக்கிழமை, மாலை நாலு பத்து.
கணக்குப் பிரிவு சோல்வாவுக்கு ஏதோ ஒரு கோப்பு வைக்க வேண்டியிருந்தது.
குழுவுக்குத் திறந்துவிட்டு,
உடனே மூடிவிடலாம் என்று நினைத்து,
கோட்டை மாட்டிக்கொண்டு
நீச்சல் வகுப்பிலிருந்து மகனைக் கூட்டிவர ஓடியது
நான்.

அன்றிரவே புயல்.
நான்கு நாள் எந்தப் படகும் கரையைவிட்டு நகரவில்லை;
யாரும் தட்டாத கதவு
சரியாகத்தான் இருந்தது.

ஒரு எண்ணை மாற்றினேன்.
"இப்போது பார்."
"உள்ளே வந்துவிட்டேன்... போட விடமாட்டேன் என்கிறதே!"
"வாசலில் போடாதே, வாசல் உன்னுடையதில்லை.
'வரவு' என்று ஓர் அறை இருக்கிறது பார்,
அது மட்டும் உன்னுடையது."

கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசியது.

"அறைக்கு நேரே என் பெயர் இல்லையே.
ஆயிரத்து நான்கு என்றிருக்கிறது."
"பெயர்ப் பதிவேடு வெளியே இருக்கிறது, தோரால்வுர்.
அங்கிருந்து பார்த்தால்
நீ அந்த எண்தான்."
"பரவாயில்லை," என்றாய்,
"லைசென்ஸிலும் நான் எண்தான்."

நாலு இருபத்தாறு. பதினோரு கிலோபைட்.
காட் இரண்டாயிரத்து நூற்று நாற்பது கிலோ,
ஹாடாக் அறுநூறு,
கடைசி வரியில் எழுத்துப்பிழையோடு ஏதோ ஒரு மீன்.

"என்ன கோளாறு அது?" என்று கேட்டாய்.
"ஓர் அனுமதி கூடுதலாகக் கொடுக்கப்பட்டிருந்தது,"
என்றேன், செயப்பாட்டு வினையில்.
நீ யார் என்று கேட்கவில்லை.
ஹீட்டர் தானாக அணைந்தது.
மறுபடி ஒருமுறை பட்டியலிட்டுப் பார்த்தேன்:
ஏழு. ஐந்து. ஐந்து.